10-ஆ, 11-ஆ, 12-ஆ: அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கைக்கு இதமான கம்பி எது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. நாற்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. கிட்டார் முழு அளவு அக்கூஸ்டிக். வாங்கும்போது இருந்த 12 செட் கம்பிதான் இன்னும் அதில் இருக்கிறது. ஜி, டி, ஈ மைனர் எல்லாம் ஓரளவு வருகிறது. எஃப் கார்ட் பிடித்தால் பாதிக் கம்பி பேசுவதில்லை, பத்து நிமிடத்தில் விரல் நுனி எரிகிறது. கடைக்காரர் 10 செட் மாற்றச் சொல்கிறார். சொல்லிக்கொடுப்பவர் 12-லேயே பழகினால்தான் விரல் உறுதிப்படும் என்கிறார். டிசம்பரில் சர்ச் குழுவோடு கேரல் ரவுண்டு போக வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது, எந்த செட் வாங்குவது?

கேட்டிருப்பது கம்பியின் தடிமனைப் பற்றித்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இது பழகப் பழகப் போய்விடும் வலியா, இல்லை கருவியில் ஏதோ சரியில்லாததால் வரும் வலியா? அதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பி வாங்கினால் பணம் வீணாவதோடு, "எனக்கு இது வராது போலிருக்கிறது" என்ற எண்ணமும் வந்துவிடும். நாற்பது வயதில் ஆசைப்பட்டு எடுத்த கிட்டாரைப் பலர் அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 11 செட் வாங்குங்கள். உறையில் 11–52 என்று போட்டிருக்கும். ஆனால் வாங்குவதற்கு முன்னால், உங்கள் கிட்டாரில் கம்பி ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைக்கு) மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். உயரம் அதிகமாக இருந்தால் 10 போட்டாலும் எஃப் வராது. உயரம் சரியாக இருந்தால் 12-லேயே கூட வந்துவிடலாம்.

நான் புதுச்சேரியில் பல வருடங்களாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களின் கிட்டாரை செட்டப் செய்து, அதாவது கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்து, கொடுப்பதும் உண்டு. கிட்டார் செய்கிற ஆள் இல்லை. மரம் பிளந்தது, பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பெயர்ந்தது போன்ற வேலைகளை அதற்கென்றே இருப்பவர்களிடம் அனுப்பிவிடுவேன். உங்கள் கிட்டாரை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே எல்லாக் கிட்டாருக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன், உங்களுடையதைப் பார்த்தால்தான் தெரியும் என்கிற இடங்களில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த எண்கள். கடையில் 10 செட், 11 செட், 12 செட் என்று சொல்வது முதல் கம்பியின், அதாவது ஆறில் மிக மெல்லியதன், விட்டத்தை வைத்து. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். 12 என்றால் 0.012 அங்குலம், ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர். 10 என்றால் 0.25 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, விரலுக்குத் தெரியும். உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயரை நம்பி வாங்காதீர்கள். டி அடாரியோ கம்பெனியின் கம்பியில் 'லைட்' என்றால் 12–53. எர்னி பால் எர்த்வுட்டில் 'லைட்' என்றால் 11–52. இரண்டுமே லைட்தான், ஆனால் ஒன்றல்ல. கடையில் கேட்கும்போது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் இழுவிசை நிறையக் குறையும். முறுக்கு இல்லாத, அதாவது மேலே வேறு இழை சுற்றாத, வெறும் எஃகுக் கம்பியில் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25.5 அங்குல நீளக் கிட்டாரில் முதல் கம்பியைச் சரியான ஈ சுருதிக்கு ஏற்றினால், 12 கம்பி சுமார் 10.5 கிலோ இழுவையில் நிற்கும். 11 கம்பி ஏறத்தாழ 9 கிலோ. 10 கம்பி 7 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது 12-லிருந்து 11-க்கு வந்தால் முதல் கம்பியில் 16 சதவீதம் குறைகிறது, 10-க்கு வந்தால் 30 சதவீதம். முறுக்குக் கம்பிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு அதேதான். ஆறு கம்பியும் சேர்ந்து 12 செட் கிட்டாரை 70 கிலோவுக்கு மேல் இழுத்துப் பிடித்திருக்கிறது, 10 செட் 60 கிலோவை ஒட்டி. இதெல்லாம் இயற்பியல். இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

ஆனால் உங்கள் விரல் உணர்வது இழுவிசையை மட்டும் இல்லை. கம்பியை ஃப்ரெட் வரைக்கும் கீழே தள்ள வேண்டிய தூரமும் அதில் சேர்கிறது, எஃப் கார்டுக்கு அதுதான் பெரிய விஷயம். வீட்டில் துணிக்கொடியை நடுவில் பிடித்து அழுத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கும். கம்பத்துக்குப் பக்கத்தில் அதே அளவு இறக்க முயன்றால் எதிர்க்கும். கிட்டாரில் அந்தக் கம்பம் நட் என்கிற துண்டு. தலைப்பகுதிக்கு அருகே கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டை அது. முதல் ஃப்ரெட் அதிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் மொத்தமாக அமுக்குவது சரியாக அந்த இடத்தில். நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால், அங்கே கம்பி தேவைக்கு மேல் உயரமாக நிற்கும். அந்த உயரம் பாதியானால் விரல் கொடுக்க வேண்டிய விசையும் ஏறத்தாழ பாதியாகிவிடும். கம்பியை 12-லிருந்து 11 ஆக்கினால் கிடைப்பது 16 சதவீதம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும்.

குறைந்த விலைக் கிட்டார்களில் இந்த நட் பள்ளங்களைத் தொழிற்சாலையில் முழு ஆழத்துக்கு அறுக்காமல் விட்டுவிடுவது மிகவும் சாதாரணம். அதிகமாக அறுத்துவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே உயரமாகவே விட்டு அனுப்பிவிடுகிறார்கள். என்னிடம் "விரல் வலிக்கிறது" என்று வருகிற புதுக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் நட் உயரம்தான் முதல் குறை. உங்களுடையதும் அப்படித்தான் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

காப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இருந்தால் முதல் ஃப்ரெட்டில் மாட்டுங்கள். இல்லையென்றால் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள். மாட்டிவிட்டு இரண்டாவது ஃப்ரெட்டில் எஃப் வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று பாதி சுலபமானது போல் இருந்தால், குற்றவாளி நட். காப்போ நட்டின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு, கம்பியைச் சரியான உயரத்துக்கு இறக்கிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு வழியும் இருக்கிறது. மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுக்கு மெல்லிய இடைவெளி போதும். விசிட்டிங் கார்ட் தாராளமாகப் போய் வந்தால் நட் உயரம். ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் உயரமாக இருப்பதும் உண்டு.

அடுத்தது 12-ஆவது ஃப்ரெட். இங்கே ஏடிஎம் அட்டை கைகொடுக்கும். எழுத்துப் புடைப்பு இல்லாத அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், எந்த வங்கியுடையதாக இருந்தாலும். கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்துவிட்டு, 12-ஆவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் ஆறாவது கம்பியின் அடிக்கும் நடுவில் அட்டைகளை அடுக்கி நுழையுங்கள். மூன்று அட்டை மெல்ல உரசிக்கொண்டு போனால் சுமார் 2.3 மில்லிமீட்டர், நல்ல உயரம். நான்கு அட்டை தடையில்லாமல் போனால் 3 மில்லிமீட்டருக்கு மேல். கற்கிறவருக்கு அது அதிகம். முதல் கம்பிக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாக, 1.8-லிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இதமாக இருக்கும். ஓங்கி அடித்து வாசிப்பவர்கள் இதைவிடச் சற்று உயரமாக வைத்துக்கொள்வார்கள். அது வாசிக்கும் கையைப் பொறுத்தது, ஒரே சரியான அளவு என்று ஒன்று கிடையாது.

12-ஆவது ஃப்ரெட்டில் உயரமாக இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சேடில், அதாவது பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் துண்டு, உயரமாக இருக்கலாம். இல்லையென்றால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கலாம். கழுத்தைப் பார்க்க ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கம்பி இப்போது நேரான அளவுகோல். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே 0.2, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கழுத்து சரி. விசிட்டிங் கார்ட் அங்கே லேசாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைவிட நிறைய இருந்தால் ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டை, கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேண்டியிருக்கும். இதை நீங்களாக முதல் தடவை செய்ய வேண்டாம். தெரிந்தவர் செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், அடுத்த தடவை செய்யலாம். சேடில் உயரமென்றால் அதை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்ப்பார்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். நட் பள்ளம் அறுப்பதற்கு அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ற அரம் வேண்டும். ஒரு இழுப்பு கூடினாலும் கம்பி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். ஆகவே அது கட்டாயம் அனுபவமுள்ள கைக்கே.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சேதி. கிட்டார் செய்கிறவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பது 45-லிருந்து 55 சதவீத ஈரப்பதம். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி அதைவிட அதிகம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக மேடாகும், அதோடு கம்பியும் உயரும். ஜூலையில் நன்றாக இருந்த கிட்டார் நவம்பரில் கையைக் கடிக்கிறது என்றால் உங்கள் விரல் பலவீனமாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒட்டுப்பலகையில் செய்த மேல்பலகையில் இந்த மாற்றம் குறைவு, ஒரே மரத்தில் அறுத்த பலகையில் அதிகம். உங்களுடைய கேரல் ரவுண்டு டிசம்பரில் என்பதால் உயரத்தை இப்போது ஒரு முறையும், மழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் அளந்துகொள்ளுங்கள். சேடிலைத் தேய்ப்பதாக இருந்தால் மழைக்கால உயரத்தை வைத்து ஒரேயடியாகத் தேய்த்துவிடாதீர்கள். வெயில் காலத்தில் மேல்பலகை இறங்கும்போது கம்பி ஃப்ரெட்டில் உட்கார்ந்துவிடும். நான் இங்கே பலருக்கும் சேடிலை இரண்டாக வைத்துக்கொள்ளச் சொல்வேன், மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. விலை அதிகமில்லை.

உப்புக்காற்று கம்பியையும் விடாது. தேவனாம்பட்டினத்துப் பக்கமோ இங்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கமோ கடலை ஒட்டி வீடு என்றால், வெளியே சாய்த்து வைத்த கிட்டாரில் முதல் இரண்டு கம்பியும் சீக்கிரமே கறுத்துச் சொரசொரப்பாகும். துருப்பிடித்த கம்பி விரலை அறுக்கும். அந்த எரிச்சலுக்கும் தடிமனுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் கம்பி கடையில் தொங்கிய காலத்தையும் சேர்த்தால் நான்கு மாதத்துக்கு மேல் பழையது. விரலை முதல் கம்பியின் அடிப்பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் எந்த செட்டாக இருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, பைக்குள் வையுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போட்டுவைக்கலாம்.

சரி, உயரம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் 10-ஆ 11-ஆ என்ற பேச்சுக்கு அர்த்தம். 10–47 கைக்கு நிச்சயம் மெத்தென்று இருக்கும். அதற்கான விலையைச் சத்தத்தில் கொடுக்க வேண்டும். மெல்லிய கம்பி மேல்பலகையைக் குறைவாகத்தான் அசைக்கும். முழு அளவுக் கிட்டாரின் அடிச்சத்தம் மெலியும், ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் கம்பி ஆடி ஃப்ரெட்டில் தட்டும். இன்னொன்று, புதிதாகக் கற்பவர்கள் தேவைக்கு மேல் அழுத்துவார்கள். மெல்லிய கம்பியில் அப்படி அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ட்யூனர் சரி என்று காட்டும், கார்ட் மட்டும் பிசகாகக் கேட்கும். தெருவில் நின்று பத்துப் பன்னிரண்டு பேர் பாடும்போது, டோலக்கும் டாம்பரினும் சேர்ந்துவிட்டால், மைக் இல்லாத 10 செட் கிட்டார் காதில் விழாது. நீங்களும் கேட்கவில்லையே என்று பலமாக அடிப்பீர்கள், அது இன்னும் இரையும். அறைக்குள் தனியாக, விரலால் மெல்லப் பிளக்கிங் செய்து வாசிக்கிறவருக்கு 10 நல்ல கம்பி. மூட்டு வலி இருப்பவர்களுக்கும் நான் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். உங்கள் தேவைக்கு 11.

11–52-இல் முதல் மூன்று கம்பிகள் தெளிவாக இளகும், அடிக்கம்பிகள் 12 செட்டுக்குக் கிட்டத்தட்ட அதே பலத்தோடு நிற்கும். 53-க்கும் 52-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை அல்லவா? ஆகவே ஸ்ட்ரம்மிங்கின் கனம் பெரிதாகக் குறையாது. விரல் அதிகம் படுவது மெல்லிய கம்பிகளில், அங்கே இதம் கிடைக்கும். ஒரு வருடம் இதில் வாசித்த பிறகு 12-க்குத் திரும்பலாமா என்று யோசிக்கலாம், திரும்பாமலே இருந்தாலும் ஒரு குறையும் இல்லை. எது நல்ல ஒலி என்பது அவரவர் காது. எனக்கு 12-இன் ஒலி பிடிக்கும். அதற்காக நாற்பது வயது விரலை முதல் வருடமே அதில் போட்டு வாட்டச் சொல்ல மாட்டேன்.

காசு செலவில்லாத ஒரு வழியும் சொல்கிறேன், இன்றைக்கே செய்யலாம். எல்லாக் கம்பியையும் அரைச் சுருதி இறக்கி ட்யூன் செய்யுங்கள். ட்யூனர் ஆப்பில் ஈ-க்குப் பதிலாக ஈ ஃபிளாட் வர வேண்டும். இழுவிசை 11 சதவீதம் குறைந்துவிடும். பிறகு காப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டால் சுருதி பழையபடி வந்துவிடும், கீபோர்டோடு சேர்ந்தும் வாசிக்கலாம். இழுவிசை குறைந்தது அப்படியே இருக்கும், நட்டின் உயரமும் கணக்கிலிருந்து போய்விடும். செட்டப் செய்ய ஆள் கிடைக்கும் வரை என் மாணவர்களை இப்படித்தான் வாசிக்கச் சொல்கிறேன். முழுச் சுருதி இறக்கினால் 21 சதவீதம் வரை குறையும், ஆனால் 11 செட்டில் அவ்வளவு இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். அது 12-க்குத்தான் ஒத்துவரும்.

கிட்டாரின் நீளமும் இதில் சேரும். நட்டிலிருந்து சேடில் வரை கம்பி அதிரும் நீளம் எல்லாக் கிட்டாருக்கும் ஒன்றல்ல. நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் யமஹா எஃப் 310-இல் அது 634 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் எஃப்ஜி 800-இல் 650. நீளம் குறைந்தால் அதே கம்பி அதே சுருதியில் குறைந்த இழுவையில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 சதவீதம் வித்தியாசம். உங்களுடையதை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும். 630-ஐ ஒட்டி வந்தால் 11 செட் இன்னும் இளக்கமாகவே இருக்கும், 10-ஐ நினைக்கவே வேண்டாம்.

கம்பியின் உலோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 80/20 என்று போட்டிருப்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். புதிதில் பளிச்சென்று பேசும், நம் காற்றில் சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் செம்பும் வெள்ளீயமும் கொஞ்சம் பாஸ்பரஸும் கலந்தது. ஒலி சற்றுக் கதகதப்பாக இருக்கும், மங்குவதும் மெதுவாக. எலிக்சிர் போன்ற பூச்சுக் கம்பிகள் விலை கூடுதல், ஆனால் கடலோரத்தில் அந்தக் காசு வீண்போகாது, விரலுக்கும் வழுவழுப்பாக இருக்கும். வலிதான் முதல் பிரச்சினை என்றால் சில்க் அண்ட் ஸ்டீல் என்று ஒரு வகை இருக்கிறது. முறுக்குக் கம்பிகளுக்குள் எஃகோடு பட்டு இழையும் வைத்துச் செய்தது, இழுவை நன்றாகவே குறைவு. ஒலி தாழ்ந்து மிருதுவாக வரும், கேரலுக்குப் போதாது. விரல் நுனிக்கு மிகவும் இதமானது அது.

சிலவற்றைச் செய்யாதீர்கள். கை வலிக்கிறது என்று எலெக்ட்ரிக் கிட்டாரின் 9 செட்டை அக்கூஸ்டிக்கில் போட்டுவிடச் சிலர் சொல்வார்கள். அதில் மூன்றாவது கம்பி முறுக்கில்லாமல் இருக்கும், மற்ற முறுக்கு நிக்கல், அக்கூஸ்டிக்கில் உயிரில்லாமல் பேசும். நைலான் கம்பி போடலாமா என்றும் கேட்பார்கள். எஃகுக் கம்பிக்காகச் செய்த பலகையை நைலான் அசைக்காது, சத்தமே வராது. இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பி ஏற்றினால் நாற்பது கிலோ இழுவைக்கென்று செய்த உடம்பில் எழுபது கிலோ விழும், பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். உங்கள் கிட்டாரில் 13 செட்டும் வேண்டாம். 12-க்கு மேல் போக வேண்டுமென்றால் அந்தக் கிட்டாரைச் செய்தவர்கள் அதை அனுமதித்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

12-லிருந்து 11-க்கு இறங்குவதில் மரத்துக்கு எந்தக் கேடும் இல்லை. கழுத்தை முன்னால் இழுக்கும் பாரம் குறைவதால் அது சில நாளில் மிகச் சிறிதளவு பின்னால் போகும், கம்பி தாழும். அதனால் முதல் சில ஃப்ரெட்டுகளில் இரைச்சல் தொடங்கினால் பயப்பட வேண்டாம், ட்ரஸ் ராடைச் சற்றுத் தளர்த்தினால் தீரும். இதனால்தான் கம்பியை மாற்றிவிட்டு, ஒரு வாரம் விட்டு, பிறகு செட்டப் செய்யச் சொல்வார்கள். 12 கம்பியில் செட்டப் செய்துவிட்டு 11 போட்டால் அந்த வேலையில் பாதி வீண். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: இப்போது அளப்பது, பிறகு 11 மாட்டுவது, ஒரு வாரம் வாசிப்பது, மறுபடி அளப்பது, அப்புறம் நட்டும் சேடிலும்.

உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் சொன்னதை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. விரல் நுனியில் தோல் காய்த்துப்போக வேண்டும், அதற்குச் சில வாரங்கள் தினமும் வாசித்தே ஆக வேண்டும், அந்த எரிச்சல் எல்லாருக்கும் உண்டு. நான் மறுப்பது, தடித்த கம்பியில் கஷ்டப்பட்டால்தான் விரல் உறுதிப்படும் என்பதை. 11-லும் தோல் காய்க்கும். பலத்தால் அழுத்திப் பழகிய கை, பிறகு லேசான கம்பியிலும் அப்படியே அழுத்தும், அந்தப் பழக்கத்தைப் பிரிப்பது பெரும்பாடு. தேவையான அளவுக்கு மட்டும் அழுத்தக் கற்றுக்கொள்வதுதான் இடது கையின் பாதி வித்தை. ஃப்ரெட்டுக்கு நடுவில் அமுக்காமல் ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் விரலை வையுங்கள், அங்கேதான் குறைந்த அழுத்தத்தில் கம்பி பேசும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் கால் மணி நேரம் வீதம் காலையும் மாலையும் வாசியுங்கள். குளித்த கையோடும் பாத்திரம் கழுவிய கையோடும் கிட்டாரை எடுக்க வேண்டாம், ஊறிய தோல் கிழியும். எஃப் வரும் வரைக்கும் ஆறு கம்பியையும் அமுக்காமல் மெல்லிய நான்கு கம்பியில் (முதலாவதிலிருந்து நான்காவது வரை) மட்டும் சின்ன எஃப் பிடித்து வாசிக்கலாம். கேரல் பாட்டுகளுக்கு அது தாராளமாகப் போதும், கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

விரல் நுனி எரிவதைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால், விரல் மரத்துப்போனால், இரவில் கை குடைந்தால், அதற்குக் கம்பியை மாற்றுவது மருந்து ஆகாது. வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், அதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் நீளத்தையும், 12-ஆவது ஃப்ரெட்டில் எத்தனை அட்டை நுழைந்தது என்பதையும், காப்போ போட்டதும் எஃப் எவ்வளவு இளகியது என்பதையும் எழுதுங்கள். நட்டைத் தொட வேண்டுமா, சேடிலையா, கழுத்தையா என்று அதை வைத்து அடுத்த அடி சொல்கிறேன்.